கல்முனை வீதியின் குரல்

பெரியகல்லாற்றுக்கு வந்து சதீசன் என்று கேட்டால், "எந்தச் சதீசன்?" என்பார்கள். மைக் சதீசன் என்றால் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து வீட்டைக் காட்டுவார்கள். கிழமை நாட்களில் அவர் களுவாஞ்சிக்குடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்றும் தண்ணீர்க்குழாயும் விற்பவர். விளையாட்டுப் போட்டி என்றாலோ, கோயில் திருவிழா என்றாலோ, கையில் மைக் ஏறிவிடும். பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை.

பதினாறு வயதில் தொடங்கியது அது. பள்ளிக்கூட மைதானத்தில் அறிவிப்பாளர் சோடா குடிக்கப் போன நேரம், சைக்கிளோட்டத்தின் கடைசிச் சுற்று வந்துவிட்டது. மேசையில் மைக் சும்மா கிடந்தது. சதீசன் எடுத்தார். முதலாவதாக வந்தவனின் பெயரைக்கூடப் பிழையாகத்தான் சொன்னார். ஆனால் மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அப்படி ஒரு உசாரை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் சிறுவனாக இருந்த யுத்த காலத்தில் பொழுது சாய்ந்தால் ஊர் வாயை மூடிவிடும். ரேடியோவைக் குறைப்பார்கள், விளக்கைக் குறைப்பார்கள், பிள்ளை அழுதால் வாயில் கைவைப்பார்கள். "மெல்லக் கதை" என்பதுதான் அவர் அதிகம் கேட்ட சொல். சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் மெல்லக் கதைப்பதை அடியோடு விட்டுவிட்டார். சந்தையில் மீன் விலை கேட்டால் அடுத்த கடைக்காரரும் பதில் சொல்வார்.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு வாவியில் தோணி ஓட்டம் வைத்தார்கள். கரை நிரம்பிய சனம். சதீசன் மேடையில் நின்று தோணிகளை வார்த்தையாலேயே தள்ளிக்கொண்டிருந்தார். "நீலத்தோணி முந்துது! முந்துது! இல்ல, பொறுங்க, மஞ்சள் தோணிக்காரர் காலையில புட்டு ரெண்டு கோப்பை கூடச் சாப்பிட்டிரிக்கார், அது இப்பதான் வேலை செய்யுது!" கரையில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் தோணியைப் பார்க்காமல் சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"அண்ணன், உங்களோட ஒரு விசயம் கதைக்கணும்."

"கதைங்க தங்கச்சி. ஆனா அடுத்தது வழுக்குமரம். அது முடியட்டும்."

வழுக்குமரம் முடியும்வரை அவள் வெயிலில் நின்றாள். பெயர் கம்சாயினி. குருக்கள்மடத்தில் பிறந்து, தெற்கே போய் நகரத் திட்டமிடல் படித்து, திரும்பி வந்திருந்தாள். மட்டக்களப்பு நகரத்திலிருந்து பெரியகல்லாறு வரை கல்முனை வீதியில் பன்னிரண்டு பஸ் தரிப்பிடங்களைப் புதிதாக அமைக்கும் வேலை அவளுடைய பொறுப்பில் இருந்தது. "இதமான நகரம்" என்பது திட்டத்தின் பெயர்.

அவள் சொன்னது சதீசனுக்குப் புதுமையாக இருந்தது. கெட்டிக்கார நகரம் என்று உலகத்தில் பலர் கட்டுகிறார்களாம். எங்கே வாகனம் நெரிகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அந்த நகரத்துக்குத் தெரியும். ஆனால் அதில் வாழும் மனிதருக்கு மனம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. இந்தத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் சூரிய ஒளியில் ஓடும் ஒரு திரை, ஒரு ஸ்பீக்கர். பஸ் எங்கே வருகிறது என்று அது சொல்லும். பக்கத்தில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், வாடின முகம். போகிறவர் வருகிறவர் தமக்குத் தோன்றியதை அழுத்தலாம். அலுவலகத்தில் ஒரு வரைபடம் அதற்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும்.

"அப்ப எல்லாம் சரிதானே. நான் எதுக்கு?"

"எல்லாம் சிவப்பா இரிக்கு அண்ணன்."

பிழை குரலில் இருந்தது. கணினிக் குரல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது "மன்னிக்கவும், பேருந்து தாமதமாகிறது" என்று ஒரே சுருதியில் சொல்லும். குருக்கள்மடத்தை ஏதோ ஒரு ஐயருடைய மடம் போலப் பிரித்து வாசிக்கும். கேட்கிறவர்களுக்குப் பஸ்ஸை விட அந்தக் குரலில்தான் அதிகம் கோபம் வந்தது. ஆரையம்பதியில் ஒருவர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்து, "உன்ட மன்னிப்பு ஆருக்கு வேணும்? பஸ்ஸ விடு!" என்று கத்தினாராம்.

"பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தோட நீங்க கதைக்கணும்" என்றாள் கம்சாயினி.

"பஸ் என்ன, ஓட்டப் போட்டியிலயா ஓடுது?"

"நம்மட ரோட்டில வேற எப்பிடி ஓடுது?"

சதீசன் வாவி அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

ஹாட்வெயார் கடை முதலாளி காலையில் சுணங்கி வர அனுமதித்தார். "நீ இல்லாட்டி கடை கொஞ்சம் அமைதியா இரிக்கும்" என்றார். நகரத்தில் ஒரு புத்தகக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. சுவரில் பெரிய திரை. அதில் கல்முனை வீதி ஒரு கோடாக நீண்டு கிடக்க, பஸ்கள் புள்ளிகளாக ஊர்ந்தன. மேசையில் மைக். சதீசன் கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே மைக்கைப் பிடித்தார். எத்தனையோ மைதானங்களைக் கண்டவர்தான். ஆனால் சனத்தின் முகம் தெரியாமல் கதைப்பது இதுதான் முதல் தரம்.

"ஆரையம்பதி ஹோல்ட்டில நிக்கிற அன்பான உள்ளங்களே! வணக்கம்! உங்கட பஸ் இந்தா, கல்லடிப் பாலத்தில ஏறிட்டுது! வாவியில வெயில் தகதகவெண்டு மின்னுது, நம்மட ட்ரைவர் அதையெல்லாம் பாராம நேர வாறார்! இப்ப நாவற்குடாவில ஒரு அம்மா கை காட்டுறா போல, பஸ் நிண்டிட்டுது. அம்மா, கெதியா ஏறுங்க, ஆரையம்பதி பாத்துக்கிட்டு இரிக்கு!"

பன்னிரண்டு தரிப்பிடங்களிலும் சனம் தலையைத் தூக்கியது. கம்சாயினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஆரையம்பதி மஞ்சளாகியது. பிறகு கிரான்குளம். பிறகு அவளுடைய குருக்கள்மடம் சிவப்பிலிருந்து மஞ்சளைத் தொட்டு அப்படியே பச்சைக்குப் போனது. அவள் துள்ளி எழுந்ததில் தேத்தண்ணீர்க் கோப்பை உருண்டது. "அண்ணன், நிப்பாட்டாதீங்க! கதைங்க, கதைங்க!"

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்த்து, பரீட்சை நாளில் தைரியம், மழை வந்தால் எந்தப் பஸ்ஸின் கூரை ஒழுகும் என்ற எச்சரிக்கை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பஸ் பிந்தினால் ஏன் பிந்துகிறது என்று பஸ்காரரிடம் போனில் கேட்டு உள்ளதைச் சொன்னார். "செட்டிபாளையத்தில மாடு ஒண்டு ரோட்டில படுத்திரிக்கு. கொண்டக்டர் இறங்கிக் கதைச்சுப் பாக்கிறார். மாடு யோசிக்கிது." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பு ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்தவர்கள், "மாடு எழும்பிட்டாமா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டார்கள். சிலர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். களுவாஞ்சிக்குடியில் இரண்டு குடும்பங்கள் கலியாணம் பேசி முடித்ததே தரிப்பிடத்தில் உட்காரப் போட்ட வாங்கில்தான் என்று ஒரு கதை உலாவியது.

ஒருநாள் மட்டும் அவர் எல்லை மீறினார். கிரான்குளத்தருகே சிவப்பு நிற அரச பஸ்ஸும் ஒரு தனியார் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திரையில் அந்த இரண்டு புள்ளிகளைக் கண்டதும் சதீசனுக்குள் இருந்த தோணி ஓட்டம் எழும்பிவிட்டது. "சிவப்பு முன்னுக்கு! தனியார் விடுறாரில்ல! குருக்கள்மடம் மக்களே, ஆர் முதல்ல வருவாங்க?" தரிப்பிடத்தில் நின்ற சனம் கைதட்டியது. கிரான்குளம் ஸ்பீக்கரைக் கடந்த ட்ரைவர்மாரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அடுத்த கணம் இரண்டு புள்ளிகளும் பறந்தன.

கம்சாயினி பாய்ந்து வந்து மைக்கின் வயரைப் பிடுங்கினாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணன், அது தோணியில்ல. உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க."

இரண்டு பஸ்களும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றன என்று தெரியும்வரை அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பஸ்ஸையும் இன்னொரு பஸ்ஸோடு சேர்த்துச் சொன்னதில்லை. மெதுவாக வருகிற ட்ரைவரைத்தான் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். கொஞ்ச நாளில் ட்ரைவர்மார் அந்தப் புகழுக்காக மெதுவாக ஓடத் தொடங்கினார்கள்.

வரைபடம் முழுக்கப் பச்சை. ஒரே ஒரு இடத்தைத் தவிர. பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த தரிப்பிடம் சிவப்பாகவே நின்றது.

"அங்க வாகனச் சத்தம் கூட. நீங்க கதைக்கிறது கேக்கல்ல போல" என்றாள் கம்சாயினி. சதீசனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த இடத்துக்கென்று தனியாகச் சிரிப்புக் கதைகளும் பகிடிகளும் சேர்த்தார் சதீசன். சிவப்பு இன்னும் கடுஞ்சிவப்பாகியது.

ஒரு முற்பகலில் மாடிப்படி ஏறி ஒரு அம்மா வந்தார். கழுத்தில் செபமாலை, கையில் மடித்த குடை. தாளங்குடாவிலிருந்து வருகிறேன், பெயர் செபஸ்தியம்மா என்றார். சதீசன் மைக்கை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி, நீங்கதானா அந்தக் குரல்? எனக்குப் புடிக்கும். மத்தேயுவுக்கும் புடிக்கும், அவர் என்ட புருசன். எங்கட ஹோல்ட்டில நிண்டு அந்த மாட்டுக் கதையைக் கேட்டுச் சிரிச்சவர்."

சதீசன் முகம் மலர்ந்தது. "அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே அம்மா!"

"அவர் மோசம் போயிட்டார் தம்பி. போன மாசம், பெரியாஸ்பத்திரியில."

செபஸ்தியம்மாவே தொடர்ந்தார். அவர் குரலில் குற்றஞ்சாட்டும் தொனி இல்லை.

"வார்ட்டில எல்லாம் முடிஞ்ச பிறகு, வீட்டுக்குப் போய் பிள்ளைகளுக்குச் சொல்ல வேணும் எண்டு வெளிய வந்தன். ஹோல்ட்டில நிண்டன். தலைக்கு மேல நீங்க சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறீங்க. 'அன்பான உள்ளங்களே, இண்டைக்கு நல்ல நாள்' எண்டீங்க. எனக்கு எங்க போறது எண்டு தெரியல்ல. அந்த வாடின முகத்தை அமத்தினன். அமத்திக்கிட்டே இருந்தன். பிறகு வெயிலுக்குள்ள அங்கால போய் மதிலோட நிண்டன். என்னைப் போலக் கனபேர் அங்க நிண்டாங்க."

சதீசன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கம்சாயினிதான் கேட்டாள். "அப்ப அந்த ஸ்பீக்கரை நிப்பாட்டி விடட்டா அம்மா?"

"வேணாம் மகள். அதுவும் சரியில்ல. பஸ் போயிட்டுதா வருதா எண்டு தெரியாம நிக்கிறது இன்னும் கஷ்டம். ஆராவது பக்கத்தில நிண்டு மெல்லச் சொன்னாப் போதும். அந்த மூஞ்சிகளையும் கழட்டிவிடுங்க. அங்க நிக்கிறவங்களுக்கு மனசு எப்பிடி எண்டு கேக்கத் தேவையில்லையே."

அன்று மாலை வீட்டில் சதீசன் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த மனைவி அஜந்தாவிடம் போய், "மெல்லக் கதைக்கிறன், கேட்டுச் சொல்லு" என்றார். சொன்னார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அஜந்தா சிரித்துவிட்டாள்.

"நீங்க என்னைக் கட்ட விருப்பம் எண்டு சொன்னதே கோயில் மைக் அளவுச் சத்தத்திலதான். இனிப் பழகவா போறீங்க?"

ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள். அவர் மறுபடி முயன்றார். குரல் தாழ்ந்தது, ஆனால் தாழ்ந்த குரலில் சொற்கள் பதுங்கின. ஒளிந்திருந்து சொல்வது போல இருந்தது.

"எனக்கு இது வராது அஜந்தா. மெல்லக் கதைச்சா எனக்குப் பயம் வருது. ஆரோ வெளிய நிக்கிற மாதிரி. சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

அவளும் அதே ஊரில் அதே வருடங்களில் வளர்ந்தவள். எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பெரியாஸ்பத்திரித் தரிப்பிடத்துக்கென்று பல நாட்கள் ஒலிப்பதிவு செய்து அழித்தார்கள். ஒன்று செத்த வீட்டு அறிவித்தல் போல வந்தது. இன்னொன்று பிரசங்கம் போல. கடைசியில் கம்சாயினிக்கு ஒரு எண்ணம் தோன்றியது. செபஸ்தியம்மாவைத் திரும்ப வரச்சொன்னாள். அவரும் வந்தார். திரையை ஒருபக்கம் திருப்பி, சதீசனுக்கு முன்னால் அவரை உட்காரவைத்தாள்.

"அண்ணன், ஹோல்ட்டை மறந்திருங்க. இந்த அம்மாவுக்குப் பஸ் எங்க வருது எண்டு சொல்லுங்க. மைக் போட்டிரிக்கு, பதிவாகும். நீங்க அம்மாவைப் பாத்துச் சொல்லுங்க."

சதீசன் முதன்முதலாக அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். செபஸ்தியம்மாவின் கண்ணைப் பார்த்தார்.

"அம்மா… கல்முனை பஸ் வெளிக்கிட்டுது. பாலத்துக்கு அங்கால நிக்கிது. கொஞ்சம் சுணங்கும், ஆனா வரும். நிழலில இருங்க. இருக்கிறதுக்கு இடம் இரிக்கு. கிட்ட வந்ததும் நான் சொல்றன்."

அவ்வளவுதான். குரல் பதுங்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு எட்டும் தூரம் மட்டும் போய் நின்றது. செபஸ்தியம்மா, "ஓம் தம்பி" என்றார், உண்மையிலேயே பஸ்ஸுக்கு நிற்பவர் போல. கம்சாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினாள். சதீசன் எழுந்து அறைக்கு வெளியே ஓடிப்போய், படியில் நின்று, "வந்திட்டுது! எனக்கு வந்திட்டுது!" என்று கத்தினார். கீழே புத்தகக் கடையில் நின்றவர்கள் பஸ்தான் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

மேலிடத்தைச் சம்மதிக்கவைப்பது கம்சாயினியின் பாடு. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி வரைபடத்தைப் பார்த்து, எல்லாத் தரிப்பிடமும் பச்சையாகிவிட்டால் அறிக்கை அழகாக இருக்குமே, பெரியாஸ்பத்திரியில் பொத்தானைக் கழற்றினால் அங்கே வெற்றி என்று எதைக் காட்டுவது என்று கேட்டார். அவள் அவரை வாதாடி வெல்லப் பார்க்கவில்லை. ஓட்டோ பிடித்து அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பரிசோதனைக்காக முகப் பொத்தான்களைக் கழற்றியிருந்தார்கள். வாங்குகளை வீதிக்கு முகம் காட்டாமல் உள்பக்கம் திருப்பியிருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் ஒன்று வந்திருந்தது. மேலேயிருந்து சதீசனின் தாழ்ந்த குரல், "கிட்ட வந்திட்டுது, மெல்ல எழும்புங்க" என்றது. வெயிலில் மதிலோடு ஒருவரும் நிற்கவில்லை. வாங்கில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் தோளில் தலைவைத்து அழுதுகொண்டிருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, பஸ்ஸில் ஏறினாள்.

அதிகாரி வாங்கின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தார். பிறகு, "இந்த இடத்துக்கு நிறம் வேண்டாம். வெள்ளையாகவே விடுங்கள்" என்றார். வரைபடத்தில் அது இன்றும் வெள்ளைப் புள்ளிதான்.

இந்த வருடம் திட்டம் வடக்குப் பக்கமும் நீண்டது. ஓட்டமாவடி வரை தரிப்பிடங்கள். அந்தப் பகுதிக்கும் தானே கதைப்பதாகத்தான் சதீசன் நினைத்திருந்தார். கம்சாயினி தலையை ஆட்டினாள். "அங்கத்தை ஊருக்கு அங்கத்தைக் குரல்தான் அண்ணன்." பெண்கள் தையல் சங்கத்தின் கூட்டங்களை நடத்திவந்த நஸீபா என்பவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சதீசனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "பொம்புளையள் கூட்டத்தில கதைக்கிறதும் ரோட்டுக்குக் கதைக்கிறதும் ஒண்டா?" என்று அஜந்தாவிடம் முணுமுணுத்தார். முணுமுணுக்க இப்போது அவருக்கு வரும்.

தொடக்க நாளுக்கு அழைப்பு வந்தது. மனமில்லாமல்தான் போனார். கூட்டம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, ஊருக்குத் திரும்பும் நேரம். கடைத்தெருவில் ஒரு பாய்க் கடையில் அஜந்தாவுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு பாய் கண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது தரிப்பிடத்திலிருந்து நஸீபாவின் குரல் எழுந்தது. கணீரென்ற, நகைப்பு ஒளிந்திருந்த குரல்.

"மட்டக்களப்புக்குப் போற ஆக்களே, பஸ் வந்திட்டுது! பாய்க் கடையில நிக்கிற நீலச் சட்டைக்காரரே, பாய் நாளைக்கும் இரிக்கும், பஸ் நிக்காது! ஓடியாங்க!"

யார் அந்த நீலச் சட்டைக்காரர் என்று சதீசன் சுற்றிப் பார்த்தார். கடைக்காரர், பழவண்டிக்காரர், தரிப்பிடத்தில் நின்ற சனம், எல்லாரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரிப்பிடத்தோடு சேர்ந்த சின்ன அறையின் சன்னலில் நஸீபா மைக்கோடு கையசைத்தார்.

சதீசன் ஓடினார். நாற்பது கடந்தவர், பிரியாணி வயிறு, ஒரு கையில் செருப்பு. "வாறார், வாறார்! தம்பிமாரே, வழி விடுங்க!" என்று நஸீபா கத்த, வீதி முழுக்கக் கைதட்டியது. கொண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். இருக்கையில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்துக் கம்சாயினியை அழைத்தார்.

"தங்கச்சி! அந்தப் புள்ள… என்ன குரல் தங்கச்சி! என்னை ஓட வெச்சிட்டா! இப்பிடித்தானா நான் கதைக்கிறதும் சனத்துக்குக் கேக்குது?"

முழுப் பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.